விளையாட்டு கொடுத்த வண்ணம்

"கம்ப்யூட்டரில் விளையாடிக் கெட்டுப்போகாதே!" இந்த அறிவுரையைக் கேட்காத பிள்ளைகள் குறைவு. படிப்புக்கும் வேலைக்கும் பிறந்த கருவியை விளையாட்டு கெடுத்துவிட்டது என்பது பெரியவர்கள் பலரின் எண்ணம். வீட்டுக் கணினியின் வரலாறோ வேறு கதை சொல்கிறது. அதன் திரைக்கு வண்ணம் வந்ததில் பெரும்பங்கு விளையாட்டுக்கே!

1975-இல் ஸ்டீவ் வாஸ்னியாக், அடாரி நிறுவனத்துக்காக 'பிரேக்அவுட்' விளையாட்டின் மின்சுற்றை வடிவமைத்தார். பந்தை மட்டையால் தட்டி, மேலே அடுக்கிய செங்கற்களை உடைக்கும் விளையாட்டு அது. அதில் மென்பொருளே கிடையாது. எல்லாம் சில்லுகளும் கம்பிகளும்தான். அதே விளையாட்டை பேஸிக் மொழியில் எழுதிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்தது. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் வண்ணக் கட்டளைகளும், மட்டையை நகர்த்தும் திருகு கருவியும், சத்தத்துக்கு ஸ்பீக்கரும் இடம்பெற்றதற்கு இதுவே முக்கியக் காரணம். இதை அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

அலுவலகம் கேட்டது என்ன? 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதற்கு இரண்டு திரை அட்டைகள் இருந்தன. ஒன்று, வேலைக்கு உகந்த தெளிவான எழுத்துகளை ஒரே நிறத்தில் காட்டியது. அதில் படமே வரைய முடியாது. மற்றொன்றில் வண்ணப் படம் உண்டு. ஆனால் 320x200 புள்ளிகளில் ஒரே நேரத்தில் 4 நிறங்கள்தான். கணக்கு எழுதுபவருக்கு முதல் அட்டையே போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வண்ணத்தை மலிவாகக் கொடுப்பது எளிதல்ல. 1982-இல் பிரிட்டனில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், 16 கேபி நினைவகத்துடன் 125 பவுண்டுக்கு விற்றது. அதன் திரை 256x192 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் என்றால், திரைக்கு மட்டுமே 24 கேபி வேண்டும்! ஆகவே 8x8 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறங்கள் என்று முடிவு செய்தார்கள். மொத்தத் திரையும் 7 கேபிக்குள் அடங்கிவிட்டது. விளையாட்டு வீரன் மரத்தைக் கடக்கும்போது மரத்தின் நிறம் அவன்மேல் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த கமோடோர் 64, 16 நிறங்களையும் நகரும் உருவங்களுக்கென்றே தனி வசதி கொண்ட சில்லையும் 595 டாலருக்குத் தந்தது. ஒரு கோடிக்கும் மேல் விற்றது.

விளையாட்டு மட்டுமே கணினியை வளர்க்கவில்லை என்பதும் உண்மை. 1979-இல் வந்த விசிகால்க் என்ற கணக்கு மென்பொருளுக்காகவே ஆப்பிள் 2 வாங்கிய வணிகர்கள் பலர். ஆனால் அவர்கள் மேசைக்கு வந்த கணினியும் செங்கல் உடைப்பதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதே!

அளவுக்கு மீறினால் விளையாட்டும் கெடுதல்தான். அதற்காக அதை வீண் என்று ஒதுக்குவது சரியல்ல. அந்நாளைய கணினியை இயக்கியதும் ஒரு பேஸிக் திரை வந்து நின்றது. விளையாட வந்த பிள்ளை, அங்கேயே சொந்தமாக ஒரு விளையாட்டை எழுதவும் முடிந்தது. இன்று விளையாடும் பிள்ளையைத் திட்டுவதற்குமுன், "இது எப்படி இயங்குகிறது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். வாஸ்னியாக்கின் வழியும் அங்கிருந்துதான் தொடங்கியது.