திருச்சி ஒலிபரப்பு நிலையமும் செட்டிகுளத்துக் குடியானவர்களும்

சென்னை ராஜதானியில் ரேடியோ ஒலிபரப்பு 1924-ஆம் ஆண்டில் தனிப்பட்ட சங்கமொன்றின் முயற்சியால் தொடங்கிற்று. பொருள் முடையால் அச்சங்கத்தின் ஒலிபரப்பு 1927-இல் நின்றது. 1930 முதல் சென்னை நகரசபை அப்பணியை ஏற்று நடத்தியது. அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ந் தேதி ஏற்பட்டது. ஆயினும் இவற்றின் பயன் பெரும்பாலும் பட்டணவாசிகளையே சார்ந்தது. 1939 மே 16-ந் தேதி திருச்சிராப்பள்ளியில் 5 கிலோவாட் சக்தியுள்ள மத்திய அலை நிலையம் திறக்கப்பட்ட பின்னரே, காவிரிப் பாசனச் சீமைக்கும் அதன் வடக்கேயுள்ள பெரம்பலூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களுக்கும் அண்மையில் ஒரு நிலையம் வாய்த்தது.

நிலையம் வந்ததனாலேயே பயன் வந்துவிடவில்லை. கிராமத்துக்குப் பொதுப்பெட்டி வேண்டும். மின்சாரம் எட்டாத ஊர்களில் பாட்டரி தீர்ந்தால் பெட்டி ஊமையாகிவிடும். ஒலிபரப்பு கோபுரத்தில் தொடங்கினாலும் கேட்பவர் வயலிலேதான் நிறைவேறுகிறது.

இதற்குத் தஞ்சை ஜில்லா நல்ல சான்று. குறுவைப் பட்டத்துக்கேற்ற ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றி 1966-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருச்சி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பு எடுத்துரைத்தது. குடியானவர்கள் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். ஆனால் சொல் மாத்திரம் அவ்வெற்றியைத் தரவில்லை. 1960 முதல் அந்த ஜில்லாவில் நடந்துவந்த தீவிர சாகுபடித் திட்டம் விதை, உரம், கடன், ஆலோசனை ஆகியவற்றை ஒருங்கே அளிக்க முயன்றது. காதில் விழுந்த செய்தி கைக்கெட்டும் விதையாகவும் இருந்ததால்தான் நம்பிக்கை பிறந்தது.

1956-இல் புனா நகரைச் சுற்றியுள்ள ஐந்து ஜில்லாக்களில் ஐக்கிய நாடுகளின் கல்விக் கலாசார ஸ்தாபனத்தின் உதவியோடு நடந்த சோதனையும் கவனிக்கத்தக்கது. சுமார் 150 கிராமங்களில் மக்கள் கூடி ஒலிபரப்பைக் கேட்டு, பின்னர் அதைப் பற்றி விவாதித்து, தங்கள் சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதியனுப்பினர். பெட்டி மாத்திரம் இருந்த கிராமங்களைவிட, கூடிக் கேட்டு விவாதித்த கிராமங்களில் அறிவு மிக அதிகமாக வளர்ந்தது.

1995 வரை திருச்சி ஜில்லாவைச் சேர்ந்திருந்த செட்டிகுளம் இப்படிப்பினையை ஏற்க வேண்டிய ஊர். இங்கே சின்ன வெங்காயம் முக்கியப் பயிர். பிடுங்கிக் காயவைக்கும் நாளில் பெய்யும் ஒரு மழை, பட்டறையில் சேர்க்க வேண்டிய சரக்கை அழுகச் செய்துவிடும். திருகல் நோய் கண்டபின் வரும் யோசனை பயிரைக் காப்பதில்லை. விலையறியாமல் விற்றவன் நஷ்டத்தை யாரிடமும் திரும்பப் பெறுவதுமில்லை.

கையிலுள்ள தொலைபேசியே போதும் எனச் சிலர் கூறுவர். அது தனியொருவனுக்குச் செய்தி தரும். ஊரார் கூடி ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வர உதவுவது அரிது. நடவு, களையெடுப்பு, வெங்காயத்தின் தாள் அறுத்தல் ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் செய்யும் பெண்களுக்கு அச்செய்தி எட்டுகிறதா என்பதையும் நிலமுடையோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆதலின் பஞ்சாயத்துக் கட்டிடத்திலோ வெங்காய வணிக வளாகத்திலோ பொதுப்பெட்டி ஒன்று வைத்து, அதைப் பராமரிக்கப் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பது நலம். வாரம் ஒரு மாலை ஆண் பெண் இருபாலரும் கூடிக் கேட்கலாம். எழும் கேள்விகளைக் கிராம அதிகாரிகள் தொகுத்து நிலையத்துக்கு அனுப்பலாம். நிலையத்தார் பட்டம் தப்புவதற்கு முன் விடையளிக்க வேண்டும். அவர்கள் கூறும் விதையும் மருந்தும் அதே வாரத்தில் டிப்போவில் கிடைக்குமாறு விவசாய இலாகா பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றின் செலவு வீணே. கேட்போர் மறுமொழி கூறாத நிலையத்துக்கு வயலின் நிலைமை தெரிய வழியில்லை.