எதுக்கு சார் ஓடுறீங்க?

இருபத்திரண்டு வயதில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் விடியற்காலை ஓடினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. போலீஸ் செலக்‌ஷன், 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். டீக்கடைக்காரருக்கே தெரியும். வேலை கிடைக்கவில்லை. ஓட்டமும் அன்றோடு நின்றது.

இப்போது வயது 58. ஞாயிறுதோறும் பெசன்ட் நகர்ப் பக்கம் 15 கிலோமீட்டர் ஓடுகிறேன். கேள்வியும் கூடவே ஓடி வருகிறது. "சுகரா சார்?" இல்லை. "பிரஷர்?" இல்லை. "அப்ப எதுக்கு?" பதில் சொல்லி அலுத்துப்போய் ஒருநாள் சுகர்தான் என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாளே பாகற்காய்ப் பொடி வீடு தேடி வந்தது.

என் மகனை யாரும் கேட்பதில்லை. அவன் ஓடுவது கைக்கடிகாரத்துக்காக. அதில் சார்ஜ் இல்லாவிட்டால் அன்றைக்கு ஓட்டமே கிடையாது. போன தடவையைவிட ஒரு நிமிடம் குறைந்தால் பிரியாணி. எனக்கு அந்த ஆசையும் விட்டுப்போயிற்று. முதல் மூன்று கிலோமீட்டர் முழங்காலோடு பேச்சுவார்த்தை நடத்துவதிலேயே போய்விடுகிறது. இதில் யாரை முந்துவது?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை ஃபௌஜா சிங் படம் வரும். 2011இல் டொரான்டோவில், தமது 100ஆவது வயதில், முழு மாரத்தானையும் எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்து முடித்தாரே, அவர்தான். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. கீழே எனக்கென்று ஒரு வரி: "மாமா, நீங்களும் முயற்சி பண்ணுங்க!" அட, எனக்கு இன்னும் 42 வருஷம் பாக்கியிருக்கிறதப்பா! அந்த மனிதர் மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் ஓடத் தொடங்கியவர். படத்தை அனுப்புகிறவர்களுக்கு அதெல்லாம் எதற்கு? தாடியும் தலைப்பாகையும் போதும்.

விடியற்காலையில் காற்று நன்றாயிருக்கிறது, மூச்சு சீரானதும் ஒரு சுகம் வருகிறது, அதனால் ஓடுகிறேன். இதைச் சொன்னால், எதையோ மறைக்கிறேன் என்று பார்க்கிறார்கள்.

எதுவும் கேட்காமல் நாலரை மணிக்கு கேட்டைத் திறந்துவிடுபவர் எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் ஒருவர்தான். போன ஞாயிறு அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"சார், வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?"