நடுநிலைமை என்ற சௌகரியம்

போன மாதக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் சொன்ன வாக்கியம் இதற்குள் இரண்டு பத்திரிகைகளில் அச்சாகிவிட்டது. எழுத்தாளன் செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி இருக்க வேண்டும். அவன் காயம்பட்டவனின் கட்சி. யார் சுட்டது என்று கேட்பது அவன் வேலையில்லை. இதுதான் அந்த வாக்கியம். கைதட்டினார்கள். இருபது பேர் கூடுகிற நம் கூட்டங்களில் கைதட்டல் அபூர்வம், அதனால் கவனித்தேன். வன்னியைப் பற்றி ஓர் இளைஞர் கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்த வாக்கியம் இது என்பதையும், கைதட்டல் ஓய்வதற்கு முன்பே அந்த இளைஞர் உட்கார்ந்துவிட்டார் என்பதையும் சேர்த்தே கவனித்தேன்.

நண்பரின் கலைக்கொள்கையோடு இங்கே சண்டை போட எனக்கு உத்தேசமில்லை. அது நாங்கள் இருவரும் கறுப்பு முடியோடு இருந்த நாளிலிருந்து நடக்கிற சண்டை. என் புகார் இன்னும் சின்னது. ஒரு பொருளை உருவகமாக எடுப்பவன் அந்தப் பொருளை ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். நண்பர் எடுத்தது தபால்தலையில் இருக்கிற செஞ்சிலுவை. அசல் செஞ்சிலுவைக்குச் சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரம் அவர் நினைப்பதைவிட நம் தொழிலுக்கு மிக நெருக்கமானது. ஏனென்றால் அந்த ஸ்தாபனம் ஒரு புத்தகத்திலிருந்து பிறந்தது.

1859 ஜூன் 24. வட இத்தாலியில் ஸோல்ஃபெரினோ. ஒரே நாளில் ஏறக்குறைய 40,000 பேர் செத்தும் காயம்பட்டும் கிடந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்த ஆன்ரி துய்னான் மகானோ மருத்துவனோ அல்ல. அல்ஜீரியாவில் தன் வியாபாரத்துக்கு வேண்டிய நிலச் சலுகையை மூன்றாம் நெப்போலியனிடம் கேட்டு வாங்கக் கிளம்பிய ஜெனீவாக்காரன். வெள்ளை உடையில் வந்து, பக்கத்து ஊரான காஸ்டிக்லியோனேயின் கோவிலில் குவிந்து கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். அந்த ஊர்ப் பெண்கள் பிரெஞ்சுக்காரன், ஆஸ்திரியன் என்று பார்க்காமல் கட்டுப்போட்டார்கள். இவ்வளவுதான் நடந்தது. இப்படிப் போர் முடிந்த ஊர்களில் பெண்கள் கட்டுப்போடுவது எந்தக் காலத்திலும் நடந்ததுதான். புதிது என்னவென்றால், ஜெனீவாவுக்குத் திரும்பிய துய்னான் அதை எழுதினான். 1862-ல் சொந்தக் காசில் 1,600 பிரதி போட்டான். நம்முடைய சிறுபத்திரிகைக் கணக்கு மாதிரியே இருக்கிறது. அடுத்த வருஷம் ஐந்து பேர் கொண்ட கமிட்டி. 1864-ல் ஜெனீவா ஒப்பந்தம்.

அந்தப் புத்தகம் காயத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசுகிற புத்தகம் அல்ல. எந்தச் சேனையில் எத்தனை வைத்தியர், வண்டி ஏன் வரவில்லை, காப்பாற்றியிருக்கக்கூடியவன் ஏன் செத்தான் என்று கேட்கிற புத்தகம். ராஜாக்கள் சங்கடப்பட்டார்கள். சங்கடப்பட்டதால்தான் கையெழுத்துப் போட்டார்கள். துய்னான் 1867-ல் திவாலாகி, தான் தொடங்கிய கமிட்டியிலிருந்தே வெளியே தள்ளப்பட்டு, பல வருஷம் உலகம் மறந்த ஏழையாகத் திரிந்து, 1901-ல் முதல் நோபல் சமாதானப் பரிசில் பாதியை வாங்கியது வேறு கதை. எழுதினவன் வெளியே, கமிட்டி உள்ளே. இதிலும் நமக்குப் பரிச்சயமான வாசனை வருகிறது, விட்டுவிடுகிறேன்.

இந்த யோசனையை ஆரம்பத்திலேயே எதிர்த்தவள் யார் தெரியுமா? ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கேந்திய சீமாட்டி என்று நம் பாடப்புத்தகம் ஒரு பக்கத்தில் அடக்கிவிட்ட அந்தப் பெண்மணிக்குப் புள்ளிவிவரம் தெரியும், அரசாங்கமும் தெரியும். காயம்பட்டவனைக் கவனிப்பது அவனைப் போருக்கு அனுப்பின அரசின் கடமை. அதைத் தர்மவான்கள் தலையில் ஏற்றினால் அரசுக்குப் போர் நடத்துவது சுலபமாகிவிடும் என்பது அவள் வாதம். நூற்று அறுபது வருஷம் ஆகிறது. அந்த வாதத்துக்கு முழுப் பதிலை நான் இன்னும் எங்கும் படிக்கவில்லை.

இனி மௌனத்துக்கு வருகிறேன். 1935-36-ல் முஸோலினியின் விமானங்கள் எத்தியோப்பியாவில் விஷவாயு போட்டன. 1935 டிசம்பர் 30 அன்று மெல்கா டிடாவில் ஸ்வீடன் நாட்டுச் செஞ்சிலுவை ஆஸ்பத்திரியையே குண்டுபோட்டு அழித்தார்கள். ஜெனீவாவின் பிரதிநிதியான மார்செல் ஜூனோ அங்கே இருந்தார், வாயுவில் வெந்த மனிதர்களைக் கண்ணால் பார்த்தார். சர்வதேச சங்கம் சாட்சியம் கேட்டபோது ஜெனீவா கமிட்டி கொடுக்க மறுத்தது. நடுநிலைமை போய்விடுமாம்.

1942 அக்டோபர் 14 அன்று நடந்தது இதைவிடப் பெரிது. நாடுகடத்தலையும் பிணைக்கைதிக் கொலைகளையும் பற்றி உலகுக்கு ஓர் அறிக்கை விடலாமா என்று கமிட்டி கூடிப் பேசியது. நகல் தயார். அந்த நகல் எப்படிப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். யாருக்கும் நோகாமல் திருத்தித் திருத்தி, யூதர் என்ற சொல்லே இல்லாத அளவுக்கு மழுக்கப்பட்ட நகல். அதையும் வெளியிடவில்லை. கமிட்டியிலிருந்த பெண்கள் வெளியிட வேண்டும் என்றார்கள். அன்றைக்குப் பெரும்பான்மையோர் எண்ணமும் அந்தப் பக்கம்தான். ஸ்விட்ஸர்லாந்தின் அந்த வருஷத்து ஜனாதிபதி ஃபிலிப் எட்டர் கூட்டத்துக்கு வந்து வேண்டாம் என்று பேசினார். நகல் அலமாரிக்குள் போயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பிறகு கமிட்டியே அதைத் தன் தோல்வி என்று ஒப்புக்கொண்டது.

நண்பருக்கு நியாயம் செய்ய வேண்டும். மௌனத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அது அற்பக் காரணம் அல்ல. 1929 ஒப்பந்தத்தின் கீழ் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரிட்டிஷ், பிரெஞ்சு, அமெரிக்கப் போர்க்கைதிகளைக் கமிட்டி பார்க்க முடிந்தது, பொட்டலம் அனுப்ப முடிந்தது. சோவியத் யூனியன் அந்த ஒப்பந்தத்தில் இல்லை; அதன் கைதிகளைக் கமிட்டி நெருங்க முடியவில்லை; அவர்களில் 30 லட்சம் பேர் அளவுக்குச் செத்தார்கள். இந்த வித்தியாசத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் உள்ளே போகிற அனுமதிக்கு விலை உண்டு, அந்த விலை வாய்தான் என்று கமிட்டி நம்பியதில் கணக்குப் பிழை மட்டும்தான் இருந்தது, கயமை இல்லை. நான் கேட்பது இதுதான்: அந்தக் கமிட்டிக்கு மௌனம் ஒரு பேரம். கொடுத்து எதையோ வாங்கினார்கள். நண்பரே, உங்கள் மௌனத்துக்கு நீங்கள் வாங்கின பொட்டலம் எது? எந்த முகாமின் கதவு உங்களுக்குத் திறந்தது?

வாயைத் திறந்தவர்கள் எல்லோரும் சரியாகத்தான் பேசினார்கள் என்றும் நான் சொல்லப்போவதில்லை. பயாஃப்ராவை எடுத்துக்கொள்வோம். 1967-லிருந்து 1970 வரை. வயிறு ஊதிய குழந்தைகளின் படங்கள் முதன்முதலாக வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்த யுத்தம். ஊலி என்ற இடத்தில் நெடுஞ்சாலையையே ஓடுபாதையாக்கி, இரவோடிரவாகச் சர்ச்சுகளின் விமானங்கள் உணவு இறக்கின. அதே இருட்டில் ஆயுத விமானங்களும் இறங்கின. இறங்கும் கட்டணம் பயாஃப்ரா அரசுக்கு அந்நியச் செலாவணி. அந்த அரசு ஜெனீவாவிலேயே ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தி, பட்டினியைப் பத்திரிகைகளுக்கு வினியோகித்தது. 1969 ஜூன் 5 அன்று செஞ்சிலுவை விமானம் ஒன்றை நைஜீரியா சுட்டு வீழ்த்தியது. அங்கே வேலை செய்த பிரெஞ்சு டாக்டர்கள் சிலர் பொறுக்காமல் இனப்படுகொலை என்று கூவினார்கள். பட்டினியால் செத்தவர்கள் லட்சக்கணக்கில் உண்மை. ஆனால் 1970 ஜனவரியில் பயாஃப்ரா விழுந்தபோது, வரும் என்று சொல்லப்பட்ட அந்தப் பெரும்படுகொலை வரவில்லை. டாக்டர்கள் பார்த்ததும் உண்மை, அவர்களைப் பார்க்கவைத்தவர்கள் இருந்ததும் உண்மை.

அவர்களில் சிலர் சேர்ந்து 1971-ல் தொடங்கியதுதான் எல்லைகளற்ற மருத்துவர்கள். மௌனத்தை உடைக்கப் பிறந்த சங்கம் என்று அதற்கு ஒரு புராணம் இருக்கிறது. உள்ளதைச் சொன்னால், அதன் முதல் சாசனமே உறுப்பினர்கள் அபிப்பிராயம் வெளியிடக்கூடாது என்றுதான் சொன்னது. பேசுவதற்கு அவர்கள் மெல்லமெல்லக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்ட இடம் மறுபடியும் எத்தியோப்பியா.

இங்கே நான் என் விஷயத்துக்கு வர வேண்டியிருக்கிறது. 1984 அக்டோபரில் பிபிசியில் கோரெம் முகாமின் படங்கள் வந்தன. உலகமே அழுதது. 1985 ஜூலையில் லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் பாட்டுக் கச்சேரி நடத்திப் பணம் திரட்டினார்கள். நான் பத்திரிகையில் வந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து ஒரு கவிதை எழுதினேன். நம் பத்திரிகைகளில் ஒன்றில் வந்தது. பாராட்டித் தபாலட்டைகள் வந்தன. என் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது அதனால்தான். அந்தக் கவிதையில் குற்றவாளி வானம். பெய்ய மறுத்த வானம், வெடித்த நிலம், உலர்ந்த முலை. ஒரு சர்க்கார் இல்லை, ஒரு துப்பாக்கி இல்லை, ஒரு லாரி இல்லை.

லாரி இருந்தது. மெங்கிஸ்து அரசு வடக்கே கலகம் நடந்த பிரதேசங்களிலிருந்து ஜனங்களைக் காலிசெய்து தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஆறு லட்சம் பேர் அளவில். உணவு கொடுக்கும் இடத்துக்குப் பசித்தவன் தானே வருவான். வந்தவனைச் சுற்றிவளைத்து ஏற்றினால் போதும். நிவாரண தானியம் தூண்டில் புழுவாயிற்று. போகிற வழியிலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். இதை வெளியே சொன்ன பிரெஞ்சு மருத்துவர்களை 1985 டிசம்பரில் நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். பணம் திரட்டிய மற்ற சங்கங்களில் பல வாய் திறக்கவில்லை. அழுத உலகத்திடம் போய், நீங்கள் அனுப்பிய கோதுமையைக் காட்டித்தான் ஆளைப் பிடிக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? உண்டியல் மூடிவிடுமே.

என் கவிதையும் அந்த உண்டியலில் ஒன்று. நண்பர் சொல்கிற அந்தப் புனிதமான இடத்தில், காயம்பட்டவனின் கட்சியில், நான் அப்பழுக்கில்லாமல் நின்றேன். யார் சுட்டது என்று கேட்கவில்லை. மெங்கிஸ்துவின் தகவல் இலாகா கேட்டிருந்தால் வானத்தைத் திட்டித்தான் கவிதை கேட்டிருக்கும். கேட்காமலேயே எழுதிக்கொடுத்தேன்.

பேசுவது வேறு, கட்சி சேர்வது வேறு. இந்த வித்தியாசத்தை நண்பர் வசதியாக அழித்துவிடுகிறார். 1919-ல் எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண் ட்ராஃபல்கர் சதுக்கத்தில் பட்டினிகிடந்த ஆஸ்திரியக் குழந்தையின் படத்தை விநியோகித்துக் கைதானாள், 5 பவுண்டு அபராதம் விதித்தார்கள். அவள் ஆஸ்திரியாவின் கட்சியில்லை. அந்தப் பட்டினிக்குத் தன் சொந்த சர்க்காரின் கடல் முற்றுகை காரணம் என்று சொன்னாள், அவ்வளவே. குழந்தைகளைக் காப்பதற்கான சங்கம் அதிலிருந்து பிறந்தது. செஞ்சிலுவையே 1994 ஏப்ரலில் கிகாலியில் வேறு மாதிரி நடந்துகொண்டது. அதன் ஆம்புலன்ஸிலிருந்து காயம்பட்டவர்களை இழுத்துப்போட்டுக் கொன்றார்கள். அப்போது கமிட்டி மௌனம் காக்கவில்லை. நடந்ததை உலகத்துக்கு உடனே உரக்கச் சொன்னது. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸ்களுக்கு ஓரளவு வழி கிடைத்தது. அங்கே அதன் தலைவராக இருந்த ஃபிலிப் கெய்யார் ஊரைவிட்டுப் போகவும் இல்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை.

வன்னிக்கு வருகிறேன், அந்த இளைஞர் கேட்டது அதைத்தானே. 2008 செப்டம்பரில் இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியைவிட்டுக் கிளம்பினார்கள். போகாதீர்கள் என்று ஜனங்கள் அலுவலக வாசலில் நின்று கெஞ்சினார்கள். செஞ்சிலுவை மிஞ்சி நின்றது. 2009-ல் கடற்கரையிலிருந்து காயம்பட்டவர்களைக் கப்பலேற்றியது. அதன் ஊழியர்களும் செத்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஐ.நா.விடம் சாவுக் கணக்கு இருந்தது. பெரும்பாலான சாவு அரசாங்கத்தின் ஷெல்லால் என்பதும் கணக்கிலேயே இருந்தது. பல வாரங்கள் அதை வெளியே சொல்லத் தயங்கினார்கள். சொன்னபோதும் யாருடைய ஷெல் என்ற பகுதி விழுங்கப்பட்டது. 2012-ல் சார்லஸ் பெட்ரி தலைமையில் ஐ.நா. தானே வைத்த விசாரணை இதைத் தோல்வி என்றே எழுதியது. வெளியேற முயன்ற ஜனங்களைப் புலிகள் தடுத்ததும் சுட்டதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுத முடிந்தது, பாருங்கள். எழுதின கை எந்தக் கட்சியிலும் சேர்ந்துவிடவில்லை. மூன்று வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

இன்னொரு ஆளையும் சொல்லிவிடுகிறேன். 1944 ஜூன் 23 அன்று தெரேஸியன்ஸ்டாட் முகாமைப் பார்க்க ஜெனீவாவின் பிரதிநிதி மோரிஸ் ரோஸெல் போனார். அவர் வருவதற்காகச் சுவருக்கு வெள்ளையடித்து, பூச்செடி நட்டு, கூட்டம் தெரியாமலிருக்க 7,500 பேரை முன்னதாகவே ஆஷ்விட்ஸுக்கு அனுப்பியிருந்தார்கள். ரோஸெல் நல்ல வார்த்தைகளில் அறிக்கை எழுதினார். 1979-ல் க்ளோத் லான்ஸ்மான் காமிராவோடு போய்க் கேட்டபோதும், இப்போதும் அதில் கையெழுத்துப் போடுவேன் என்றார். தான் பார்த்ததைத்தான் எழுதினார் அவர். நடுநிலைமையோடு.

என் கவிதைகளின் முழுத் தொகுப்பு ஒன்று தயாராகிறது. எத்தியோப்பியக் கவிதையை எடுத்துவிடலாமா என்று பதிப்பிக்கிற நண்பர் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். கீழே வருஷத்தைப் போட்டு, அதே வருஷம் அந்த நிலத்தில் ஓடிய லாரிகளைப் பற்றி நாலு வரி வசனம் சேர்த்திருக்கிறேன். வசனம் கவிதையைக் கெடுக்கிறது என்கிறார்.