இடித்த நிலமும் போனது!

பழைய கட்டடத்தைக் காப்பதா, இடித்து வீடு கட்டுவதா என்று பட்டிமன்றம் நடத்துகிறார்களே, மும்பையைப் பாருங்கள் சகோதரர்களே!

1982 வேலைநிறுத்தத்தில் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆலைகள் மூடின. ஆலை நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு பூங்கா போன்ற பொதுத் தேவைக்கு, இன்னொரு பங்கு அரசின் வீட்டு வசதிக்கு என்றது 1991-ம் ஆண்டு விதி. நியாயமான விதிதான். விட்டார்களா? 2001-ல் திருத்தினார்கள். கட்டடமே இல்லாத காலி இடத்தில் மட்டும்தான் பங்காம்! ஆலைக்கூடம் நின்ற இடம் முழுக்க முதலாளிக்கு!

அந்தக் கூடங்களையாவது காத்தார்களா? பலவற்றை இடித்துக் கோபுரங்கள் எழுப்பினார்கள்.

2005-ல் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. 2006-ல் உச்சநீதிமன்றமோ திருத்தம் செல்லும் என்றது.

பீனிக்ஸ் ஆலையின் புகைபோக்கி இன்று வணிக வளாகத்துக்கு அலங்காரம்!