ராஜாவின் காது

‘அமர காதல்’ என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அதுவும் ஹாலிவுட் காதல் என்றால் ரொம்பவே.

கிளார்க் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 1934-ல் வந்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’டுக்கு ஆஸ்கர். 1939-ல் ‘கான் வித் தி விண்ட்’. ‘ஹாலிவுட்டின் ராஜா’ என்றே பட்டம். அதே 1939-ல் நடிகை கரோல் லொம்பார்டுடன் கல்யாணம். 1942 ஜனவரியில், யுத்த பாண்டு விற்கப் போன கரோல், திரும்பும் வழியில் விமானம் மலையில் மோதி இறந்தார். கேபிள் அதற்கப்புறம் இரண்டு கல்யாணம் செய்துகொண்டார். ஆனாலும் 1960-ல் அவர் செத்தபோது கரோல் பக்கத்தில்தான் புதைத்தார்கள். இதை உருகி உருகி எழுதாத சினிமாப் பத்திரிகை இல்லை.

அந்தத் துக்கம் நிஜம்தான். ஆனால் கதையில் ஒரு குழந்தையை விட்டுவிட்டார்களே, அது?

1935 ஆரம்பத்தில் ‘கால் ஆஃப் தி வைல்ட்’ படப்பிடிப்பு. கேபிள் கல்யாணமானவர், வயது 34. கதாநாயகி லொரெட்டா யங்குக்கு 22, தீவிர கத்தோலிக்கர். கர்ப்பமானார். நடிகர்களின் ஒப்பந்தத்தில் அப்போதெல்லாம் ஒழுக்க ஷரத்து என்று ஒன்று உண்டு. விஷயம் வெளியே தெரிந்தால் பிழைப்பு போச்சு. லொரெட்டா ஐரோப்பா போய் வந்தார், உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டுக்குள் ஒளிந்துகொண்டார், நவம்பர் 6-ம் தேதி பெண் குழந்தை பெற்றார். குழந்தை அநாதை இல்லத்துக்குப் போயிற்று. 1937-ல் பெற்ற தாயே அதைத் ‘தத்து’ எடுத்ததாக ஊருக்கு அறிவித்தார்.

அதே நவம்பரில் அப்பா? ‘மியூட்டினி ஆன் தி பவுன்ட்டி’ ரிலீஸ். அதற்கும் ஆஸ்கர் நாமினேஷன்.

“அந்தக் காலம் அப்படி சார்” என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஷரத்து இரண்டு பேருக்கும் பொதுதானே? ஒளிந்துகொண்டது ஏன் ஒருத்தி மட்டும்?

குழந்தை ஜூடிக்கு அப்பாவின் பெரிய காது. ஊர் கண்டுபிடித்துவிடக்கூடாதே என்று தொப்பி போட்டு மறைத்தார்கள். 7 வயதில் ஆபரேஷன் செய்து காதையே திருத்திவிட்டார்கள். ராஜாவுக்கு அடையாளமாக இருந்த காது, மகளுக்குக் குற்றமாகிப் போனது.

ஜூடிக்கு 15 வயதில் கேபிள் ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து விசாரித்தார், நெற்றியில் முத்தம் கொடுத்தார், போய்விட்டார். யார் என்று சொல்லவில்லை. கரோல் போனபின் ராணுவத்தில் சேர்ந்து, ஐரோப்பிய வானில் குண்டுவீச்சு விமானத்தில் ஐந்து முறை பறந்த மனிதர் அவர். ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம் ‘நான் உன் அப்பா’ என்று சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை.

ஜூடிக்கு விஷயம் தெரிந்தது 1958-ல், கட்டிக்கொள்ளப் போகிறவர் சொல்லி. ஊருக்கே முன்னாலேயே தெரியுமாம்! அம்மா ஒப்புக்கொண்டது 1966-ல். 1994-ல் ஜூடி இதையெல்லாம் புத்தகமாக எழுத, அம்மா சில வருஷம் பேசவே இல்லை. ஜூடி 2011-ல் காலமானார்.

2015-ல் இன்னொரு செய்தி. தன்னிடம் கேபிள் நடந்துகொண்டது பலாத்காரம்தான் என்று லொரெட்டா கடைசிக் காலத்தில் சொன்னதாக அவருடைய மருமகள் வெளியிட்டார். மூன்று பேரும் உயிரோடு இல்லை. நீதிபதி நாற்காலியில் நான் உட்காரப் போவதில்லை. ஆனால் அதை ‘ஷூட்டிங் ஸ்பாட் ரொமான்ஸ்’ என்று அத்தனை வருஷம் கண்ணடித்துக்கொண்டே எழுதியவர்கள் ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைக்கலாம்.

கேபிள் பெரிய நடிகர். படத்தைப் பாருங்கள், நானும் பார்ப்பேன். அமர காதல் என்று எழுத உட்கார்ந்தால் மட்டும், ஜூடிக்கும் ஒரு பாரா ஒதுக்குங்கள்.