பி.ஓ.டி என்றால் என்ன? 2 மார்க் கேள்வியோடு முடிந்துபோகிறதா சுற்றுச்சூழல் பொறியியல்?

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய நாள் ராத்திரி. வாட்ஸ்அப் குரூப்பில் 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' பி.டி.எஃப் வந்து விழுகிறது. முதல் கேள்வியே 'பி.ஓ.டி என்றால் என்ன?' இரண்டு வரியை மனப்பாடம் செய்து, காலையில் எழுதினால் 2 மார்க். மதியத்துக்குள் மறந்தும் போய்விடும்.

அதே மாணவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "உங்க ஹாஸ்டல் கழிவுநீர் எங்கே போகுது? அதோட பி.ஓ.டி எவ்வளவு?" பெரும்பாலும் பதில் வராது. தப்பு மாணவர் மேல் இல்லை. அந்தக் கேள்வியை வகுப்பில் யாரும் அவரிடம் கேட்டதே இல்லை.

நான் படித்தது மீடியா ஸ்டடீஸ். ஆனாலும் எனக்கும் ஒரு 'இ.வி.எஸ்' பேப்பர் இருந்தது. எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர் 'பாஸ் ஆனா போதும் பேப்பர்'. மற்றவர்களுக்கு அப்படி இருந்தால்கூடப் பரவாயில்லை. நாளைக்குச் சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைத்து, கட்டி, இயக்கப்போகிற சிவில், கெமிக்கல், சுற்றுச்சூழல் பொறியியல் மாணவர்களுக்கும் அது அப்படியே இருந்தால்?

இந்தப் பாடம் எப்படி வந்தது?

எல்லா இளநிலை மாணவர்களுக்கும் சுற்றுச்சூழல் பாடம் வேண்டும் என்ற ஏற்பாட்டின் வேர், எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் பிறப்பித்த உத்தரவு. அதன் தொடர்ச்சியாகத்தான் யு.ஜி.சி. பொதுப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது.

பொறியியலுக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. 2014-ல் இந்தியா 'வாஷிங்டன் அக்கார்டு' ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினரானது. என்.பி.ஏ. அங்கீகாரம் பெறும் படிப்பை முடிக்கும் பொறியாளர், தன் வேலை சமூகத்தையும் சூழலையும் எப்படிப் பாதிக்கும் என்று புரிந்தவராக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை.

ஆக, சட்டமும் பாடத்திட்டமும் காகிதத்தில் சரியாகவே இருக்கின்றன. வகுப்பறைக்குள் வரும்போதுதான் சிக்கல்.

எண்கள் சொல்லும் கதை

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கு இது. இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். அதாவது சுமார் 7,200 கோடி லிட்டர். அதைச் சுத்திகரிக்க நிறுவப்பட்ட மொத்தத் திறன் 31,841 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,236 மில்லியன் லிட்டர்தான்.

முதல் இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி பணப் பிரச்சினை. நிலையங்கள் இன்னும் கட்ட வேண்டும். அதற்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும். கடைசி இரண்டு எண்களுக்கு நடுவே இருப்பதைக் கவனியுங்கள். கட்டி முடித்த திறனிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பயன்படவில்லை. வீட்டிலிருந்து நிலையம் வரை குழாய் இணைப்பு இல்லாதது, மின்சாரச் செலவு, பராமரிப்புக் குறை என்று பல காரணங்கள். நிலையத்தைப் புரிந்துகொண்டு இயக்கத் தெரிந்த ஆட்கள் இல்லாததும் அதில் ஒன்று.

ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கிறீர்களா? அடித்தளத்தில் ஒரு எஸ்.டி.பி இருக்கும். மெயின்டெனன்ஸ் கட்டணத்தில் அதற்கும் ஒரு பங்கு போகும். அங்கே காற்று ஊதும் புளோயர்தான் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு மூச்சு. இப்படிப்பட்ட நிலையங்களில் மின்சாரச் செலவில் பாதி அளவு இந்தக் காற்றூட்டலுக்கே போகும். 'கரன்ட் பில் ஏறுது' என்று யாராவது அதை அணைத்துவைத்தால் நுண்ணுயிர் சாகும், தண்ணீர் நாறும், பார்க்கிங்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பீர்கள். பி.ஓ.டி என்ற இரண்டு மார்க் கேள்வியின் நிஜ முகம் இதுதான்.

ஏன் மனதில் நிற்பதில்லை?

பி.ஓ.டி என்பது, தண்ணீரில் உள்ள அழுகும் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவு. வீட்டுக் கழிவுநீரில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருப்பது சகஜம். சுத்திகரித்து ஆற்றில் விடும்போது 30-க்குள், பல இடங்களில் 10-க்குள் வர வேண்டும்.

பல பாடப்புத்தகங்கள் இந்தச் சோதனையை 20 டிகிரியில் 5 நாள் என்று சொல்கின்றன. இந்தியத் தர நிர்ணயமோ 27 டிகிரியில் 3 நாள் என்கிறது. காரணம் எளிது: நம் ஊர் தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியாக இருப்பதில்லை. சூடு கூடினால் நுண்ணுயிரின் வேகமும் கூடும். இதை ஆய்வகத்தில் ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்கு அந்த எண் மறக்காது. கரும்பலகையிலிருந்து நோட்டில் இறக்கியவருக்கு அது வெறும் எண்.

இது வெறும் அபிப்ராயம் இல்லை. 2014-ல் ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து அலசியது. ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8%. மாணவர்கள் தாங்களே செய்து, விவாதித்துக் கற்ற வகுப்புகளில் 21.8%. தேர்வு மதிப்பெண்ணும் சராசரியாக 6% கூடியது.

ஃபிளின்ட்: மாணவர்கள் கண்டுபிடித்த ஈயம்

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் உள்ளது ஃபிளின்ட் நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்கக் குடிநீர் மூலத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் கரைந்தது. மக்கள் புகார் சொன்னார்கள். 'தண்ணீர் பாதுகாப்பானது' என்றே அதிகாரிகள் பதில் சொன்னார்கள்.

2015-ல் விர்ஜினியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் அவரது மாணவர்களும் சுமார் 300 மாதிரி சேகரிப்புப் பெட்டிகளைத் தயாரித்து ஃபிளின்டுக்கு அனுப்பினார்கள். நகர மக்களே தங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்கள். 250-க்கும் மேற்பட்ட மாதிரிகள் வந்துசேர்ந்தன. நடவடிக்கை எடுத்தாக வேண்டிய வரம்பான 15 பி.பி.பி-ஐத் தாண்டி ஈயம் இருப்பது பல வீடுகளில் உறுதியானது. அரசு முதலில் முடிவுகளை மறுத்தது. உள்ளூர்க் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியதை மருத்துவர்களும் காட்டிய பிறகு, அக்டோபரில் நகரம் பழைய நீர் மூலத்துக்கே திரும்பியது.

அந்த மாணவர்களுக்குத் தனியாக 'மோட்டிவேஷன்' வகுப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது. தாங்கள் எடுக்கும் ஒவ்வொரு அளவுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது, அங்கே ஒரு குழந்தை தண்ணீர் குடிக்கிறது என்று தெரிந்தாலே கை நடுங்கும். கவனமும் தானாக வரும்.

நம் ஊரில் பாடம் இல்லையா?

இருக்கிறது, ஏராளமாக. சாயக் கழிவால் நொய்யல் கெட்டதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகள் மூடப்பட்டதும், பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத தொழில்நுட்பத்தோடு அவை திரும்ப இயங்கியதும் ஒரு முழு செமஸ்டருக்கான பாடம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது இன்னொன்று. கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் கழிவுநீரை மறுசுத்திகரித்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அனுப்புவது வேறொன்று.

அதைவிட முக்கியமான பாடம் மேன்ஹோலுக்குள் இருக்கிறது. சாக்கடைக் குழாயில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகி கான்கிரீட்டை அரிக்கும் என்று மாணவர்கள் படிக்கிறார்கள். அதே வாயுவால் மூச்சுத் திணறிச் சாகிறவர்களைப் பற்றி வகுப்பில் அரிதாகவே பேச்சு வருகிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்குவதற்கு 2013-லேயே சட்டப்படி தடை. ஆனாலும் சாவு நிற்கவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மேன்ஹோலை டிசைன் செய்யும் மாணவர், 'யாருமே உள்ளே இறங்காமல் இதை எப்படிச் சுத்தம் செய்வது?' என்பதில் இருந்து தொடங்கினால், கோடுகளே வேறு மாதிரி விழும்.

என்ன செய்யலாம்?

முதலில், கல்லூரி வளாகமே ஆய்வகம் ஆகட்டும். எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு போகிறது, ஆர்.ஓ. இயந்திரம் எவ்வளவை வெளியே கொட்டுகிறது என்று ஒரு செமஸ்டர் முழுக்க மாணவர்களே கணக்கு எடுக்கட்டும். விடுதிக் குடிநீரை இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 அளவுகளோடு ஒப்பிடட்டும். முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும்.

இரண்டாவது, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவது செல்ஃபி சுற்றுலாவாக இருக்கக் கூடாது. அங்கே ஷிஃப்டில் இருக்கும் ஆபரேட்டரிடம் ஒரு மணி நேரம் பேசட்டும். எது அடிக்கடி பழுதாகும், எதற்கு உதிரிபாகம் கிடைப்பதில்லை என்பதை அவரைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை.

மூன்றாவது, இதற்கெல்லாம் மார்க் கொடுக்க வேண்டும். மார்க் இல்லாத வேலையை எந்த மாணவரும் நாலாவது வாரத்துக்கு மேல் செய்யமாட்டார். அதில் தப்பும் இல்லை.

ஆசிரியர்கள் தரப்பு நியாயமும் உண்டு. பெரிய வகுப்புகள், சிலபஸை முடிக்கும் அவசரம், ரசாயனம் வாங்கவே இழுபறி. அவர்கள் தலையில் இன்னொரு வேலையைக் கட்டிவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொண்டால் எதுவும் மாறாது. நேரமும் பணமும் கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

வேலை கிடைக்குமா?

மாணவர்களின் முதல் கேள்வி இதுதான். ஆரம்பச் சம்பளத்தில் ஐ.டி.யோடு போட்டி போட முடியாது என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் பாதை இருக்கிறது: குடிநீர் வாரியங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தொழிற்சாலைக் கழிவுநீர் நிலையங்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள். பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் சூழல் கணக்கையும் வெளியிட வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தக் கணக்கைப் போடவும் சரிபார்க்கவும் விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

அடுத்த செமஸ்டர் கேள்வித்தாளில் ஒரே ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். 'பி.ஓ.டி என்றால் என்ன?' என்பதற்குப் பதிலாக, 'உங்கள் விடுதிக் கழிவுநீரின் பி.ஓ.டி-யை நீங்கள் அளந்தபோது எவ்வளவு வந்தது, ஏன்?' என்று கேட்கலாம். எந்த பி.டி.எஃப்-பிலும் அதற்குப் பதில் கிடைக்காது.