பிரம்புக்கு எதற்குச் சால்வை?

முன்னாள் மாணவர் சந்திப்புகளில் இப்போது புதிதாக ஒரு சடங்கு சேர்ந்திருக்கிறது. ஒரே நிற டீ-ஷர்ட், வாசலில் ஃபிளெக்ஸ், ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குச் சால்வை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்ததும் யாரோ ஒரு பிரம்பைக் கொண்டுவந்து கணக்கு வாத்தியார் கையில் கொடுக்கிறார்கள். நரையும் தொப்பையுமாக ஐம்பதை நெருங்கும் ஆட்கள் வரிசையில் நின்று கையை நீட்டுகிறார்கள். அவர் கூச்சத்தோடு தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு தட்டுகிறார். மைக் பிடித்தவர் தவறாமல் சொல்வார்: “அன்னிக்கு சார் அடிச்ச அடிதான் இன்னிக்கு எங்களுக்குச் சோறு போடுது.”

சார் அடித்தது உண்மை. இன்று சோற்றுக்குக் குறைவில்லை என்பதும் உண்மை. இரண்டுக்கும் முடிச்சுப் போடுவதுதான் பொய்.

மேடையில் நிற்பவர்கள் பள்ளியை முடித்தவர்கள். ஏழாம் வகுப்பில் வாய்ப்பாடு வராமல் உள்ளங்கை வீங்கி, மறுநாள் பள்ளிக்குப் போகாமல் வாய்க்கால் கரையில் சுற்றி, கடைசியில் செங்கல் சூளையில் சேர்ந்துவிட்டவன் அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே இல்லை. அதே பிரம்புதான் அவனையும் அடித்தது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட, ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டவர்களும் வரவில்லை. பிழைத்தவர்களிடம் மட்டும் விசாரித்தால் எந்த மருந்தும் கைகண்ட மருந்துதான்.

அடி எல்லார் மேலும் ஒரே மாதிரியா விழுந்தது? ஊரில் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு அதட்டல். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “கண்ணு ரெண்ட விட்டுட்டு மிச்சத்த உரிச்சிடுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போன கூலிக்காரர் மகனுக்குப் புளிய விளாறு. ஊர் நிலவரம் பிரம்புக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்தத் தலைமுறையைப் படிக்க வைத்தவை வேறு. நடந்து போகும் தூரத்தில் பள்ளி, 1982-இல் வந்த சத்துணவு, இலவச பஸ் பாஸ். அப்புறம் அதே கணக்கு வாத்தியார். இருட்டும் வரை காசு வாங்காமல் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தாரே, கையில் காசில்லாதவனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினாரே, அந்த மனிதர். அவருடைய வாழ்நாள் உழைப்பை ஒரு குச்சியின் பேரில் பட்டா போட்டுக் கொடுப்பது அவருக்கே அவமரியாதை.

தமிழ்நாட்டில் கல்வி விதிகளின் 51-ஆம் விதியைத் திருத்தி, உடல் தண்டனையை 2003-லேயே தடை செய்தாயிற்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 17-ஆம் பிரிவில் அதைத் தடுக்கிறது. ‘அதனால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போச்சு, வாத்தியார் கையைக் கட்டிப்போட்டுட்டாங்க’ என்று மேடையிலேயே அடுத்த வசனம் வரும். வாத்தியார் கையைக் கட்டியிருப்பது எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் செய்யும் பதிவேற்றமும், நிரப்பப்படாத பணியிடங்களும். அதைப் பற்றி மைக்கில் ஒரு வார்த்தை வராது. இதே ஆள், தன் மகனின் காதைத் தனியார் பள்ளியில் ஒரு மிஸ் திருகினால் மறுநாள் காலை பிரின்சிபால் அறையில் நிற்பார். சரியாகத்தான் செய்கிறார். தன் பிள்ளைக்கு ஆகாதது ஊரான் பிள்ளையை மட்டும் எப்படி உருப்பட வைக்கும்?

அடுத்த சந்திப்புக்கு ஆள் திரட்டும்போது பத்தாம் வகுப்புப் பட்டியலை விட்டுவிட்டு, ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுங்கள். அதில் இருந்து பாதியில் நின்றவர்களையும் தேடிக் கூப்பிடுங்கள். மைக்கை முதலில் அவர்களிடம் கொடுங்கள். பிரம்பை மேடையேற்றுவதா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும்.